நேப்பிள்ஸில் நின்றுகொண்டே சாப்பிடுங்கள்: சிக்கனமாகச் சுற்ற இருவருக்கான வழிகாட்டி

இத்தாலி என்றதும் ரோம், ஃப்ளாரன்ஸ், வெனிஸ் என்று மூன்று பெயர்கள் வரிசையாக வரும். மூன்றுமே அழகான ஊர்கள்தான். ஆனால் மூன்றிலும் ஆற அமரத் தங்கிவிட்டு வந்தால், ஊர் திரும்பி ஆறு மாதம் மோர் சாதம்தான். நானும் என் கல்லூரி நண்பனும் கணக்குப் போட்டுப் பார்த்தோம். பேசாமல் தெற்கே இறங்கிவிட்டோம். நேப்பிள்ஸ். மார்ச் மாதம், 4 இரவு, 5 பகல். விமானக் கட்டணம் போக ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 யூரோவுக்குள் முடிந்தது. ஒரு வேளைகூடப் பட்டினி கிடக்கவில்லை.

இந்த ஊரில் சிக்கனத்தின் சூத்திரம் ஒரே வரிதான்: உட்கார்ந்தால் காசு, நின்றால் மிச்சம். காபி, பீட்சா, பொரித்த பண்டம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். நல்ல வேளையாக நேப்பிள்ஸ்காரர்களே பாதி நேரம் நின்றுகொண்டுதான் சாப்பிடுகிறார்கள். அதனால் நீங்கள் கஞ்சத்தனம் செய்கிறீர்கள் என்று யாரும் நினைக்கமாட்டார்கள். ஊர் வழக்கம் தெரிந்தவர் என்றுதான் நினைப்பார்கள்.

முதல் முறை போகிறவர்களுக்காக, போன வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. கிளம்பும் முன்

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும், ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா அது. பெரியவர்களுக்கு 90 யூரோ. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு கட்டாயம். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், 15 நாளாவது மிச்சம் இருக்க வேண்டும். இத்தாலியோடு வேறு நாடுகளும் போவதானால், எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விசா கேட்க வேண்டும். என் நண்பன் ஜெர்மனியில் மேற்படிப்பு படிக்கிறான். அவனுக்கு அந்த நாட்டுத் தங்கும் அட்டையே போதுமானதாக இருந்தது. அட்டையைக் கடவுச்சீட்டோடு சேர்த்து எடுத்து வர வேண்டும், அவ்வளவுதான்.

எந்த மாதம்? ஆகஸ்ட் வேண்டாம். வெயில் ஒரு பக்கம். ஆகஸ்ட் 15 விடுமுறையை ஒட்டிச் சின்னக் கடைகள் பலவற்றைப் பூட்டிவிட்டு ஊரே கடற்கரைக்குப் போய்விடும் என்பது இன்னொரு பக்கம். நவம்பரில் அறை மலிவு, ஆனால் மழை அதிகம். மார்ச், ஏப்ரல், அக்டோபர் நல்லவை. ஈஸ்டர் வாரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள், அறை வாடகை எகிறும்.

அடுத்தது பணம். நண்பனோடு போகும் பயணங்கள் பாழாவது பெரும்பாலும் ஒன்றே கால் யூரோக்களால்தான். "நேத்து காபிக்கு நான் குடுத்தேன்ல?" என்ற கேள்வி மூன்றாம் நாள் எழும், ஐந்தாம் நாள் பேச்சுவார்த்தை நின்றுபோகும். நாங்கள் ஒரு ஜிப் பை வாங்கி ஆளுக்கு 100 யூரோ போட்டோம். சாப்பாடு, பஸ், ரயில், நுழைவுச் சீட்டு எல்லாம் அதிலிருந்து. ஐஸ்கிரீம், நினைவுப் பொருள், திடீர் ஆசைகள் அவரவர் பாக்கெட்டிலிருந்து. பை தீர்ந்தால் இருவரும் சமமாக நிரப்ப வேண்டும். பையை நான் வைத்திருந்தேன், கணக்கை அவன் எழுதினான். இரண்டையும் ஒருவரே செய்யக் கூடாது என்பது எங்கள் ஊர்க் கோயில் கமிட்டியிடம் கற்ற பாடம்.

2. ஊருக்குள் நுழைவது

ரயில் பலகைகளில் நேப்பிள்ஸ் என்று தேடாதீர்கள், இருக்காது. இத்தாலியர்களுக்கு அது நாப்போலி. பெரிய நிலையம் நாப்போலி சென்ட்ராலே, வெளியே வந்தால் கரிபால்டி சதுக்கம்.

ரோமிலிருந்து அதிவேக ரயிலில் ஏறக்குறைய 1 மணி 10 நிமிடம். முன்கூட்டியே எடுத்தால் மலிவு, கடைசி நாளில் எடுத்தால் கொள்ளை விலை. சாதாரண வட்டார ரயிலில் இரண்டரை மணிக்கு மேல் ஆகும்; அதன் கட்டணம் மட்டும் என்றைக்கு எடுத்தாலும் மாறாது. அந்த ரயிலுக்குக் காகிதச் சீட்டு வாங்கினால், ஏறும் முன் நடைமேடையில் உள்ள சிறிய இயந்திரத்தில் செருகி நேர முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். குத்தாமல் ஏறினால் சீட்டு கையில் இருந்தும் அபராதம்தான். கைப்பேசியில் எடுத்த சீட்டு என்றால் ஏறும் முன் அதில் செக்-இன் செய்ய வேண்டும்.

விமானத்தில் வந்தால் கபோதிகீனோ நிலையம். ஊருக்கு மிக அருகில் இருக்கிறது. அலிபஸ் என்ற பேருந்து 5 யூரோவுக்குச் சென்ட்ராலே நிலையத்திலும் துறைமுகத்திலும் இறக்கிவிடும். ஆளுக்கு நிறையப் பெட்டி இருந்தால் டாக்ஸியைப் பாருங்கள். விமான நிலையத்திலிருந்து நகரின் பகுதிகளுக்கு நிர்ணயித்த கட்டணம் உண்டு. ஆனால் அந்தக் கட்டணம்தான் வேண்டும் என்று வண்டி நகரும் முன்பே சொல்லிவிட வேண்டும். இறங்கும்போது சொல்லிப் பயனில்லை.

நகருக்குள் மெட்ரோ, பேருந்து, குன்றின்மேல் கம்பியால் இழுத்து ஏற்றும் இழுவை ரயில் எல்லாம் ஒரு தடவைக்கு ஒன்றரை யூரோ அளவில் இருக்கும். சீட்டை 'தபக்கி' எனப்படும் புகையிலைக் கடைகளில் வாங்கலாம். கறுப்புப் பலகையில் வெள்ளை 'டி' எழுத்து தொங்கும் கடை. அப்புறம் ஒரு வார்த்தையை மனப்பாடம் செய்யுங்கள்: 'ஷோப்பெரோ'. வேலைநிறுத்தம். இத்தாலியில் இது மழை மாதிரி அடிக்கடி வரும், பெரும்பாலும் வெள்ளிக்கிழமைகளில். நல்லது என்னவென்றால் முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள், காலையும் மாலையும் சில மணி நேரம் வண்டிகள் ஓடியாக வேண்டும் என்ற விதியும் உண்டு. முதல் நாளே விடுதியில் கேட்டுவையுங்கள்.

3. அறை

மலிவு அறை என்று தேடினால் முதலில் வருவது கரிபால்டி சதுக்கத்தைச் சுற்றியுள்ளவைதான். அதிகாலை ரயில் இருந்தால் வசதி. மற்றபடி இரவில் பெட்டியை இழுத்துக்கொண்டு நடக்க இதமான இடம் இல்லை. தாந்தே சதுக்கம், மோன்தெசாந்தோ, பழைய நகரம் ஆகிய பக்கங்களில் சில யூரோ கூடுதலாகக் கொடுத்துத் தங்கினால் எல்லா இடத்துக்கும் நடந்தே போகலாம். பஸ் காசும் மிச்சம், காலும் மிச்சம்.

இருவராகப் போவதில் ஒரு லாபம் உண்டு. விடுதியில் இரண்டு கட்டிலுக்குக் கொடுக்கும் காசும், சின்ன வீட்டு விடுதியில் ஒரு தனி அறைக்கு ஆவதும் பல நாட்களில் ஒன்றாகவே இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நகர வரி என்று ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்குச் சில யூரோ தனியாகக் கேட்பார்கள். இது ஏமாற்று இல்லை, மாநகராட்சிக்குப் போவது. சில்லறையாக வைத்திருங்கள். கடவுச்சீட்டையும் கேட்பார்கள். தங்குகிறவர் விவரத்தைப் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அங்கே சட்டம்.

அறையை உறுதி செய்யும் முன் எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா என்று கேளுங்கள். உண்டு என்று சொன்னால் அதற்குக் காசு போட வேண்டுமா என்றும் கேளுங்கள். சிரிக்க வேண்டாம். நேப்பிள்ஸின் பழைய கட்டடங்கள் சிலவற்றில் லிஃப்டுக்குள் ஒரு உண்டியல் இருக்கிறது. சில்லறை போட்டால்தான் மேலே போகும். முதல் நாள் இரவு எங்களிடம் 50 யூரோ தாள் மட்டுமே இருந்தது. நான்கு மாடி, இரண்டு பெட்டி. மறுநாள் முதல் எங்கள் ஜிப் பையில் லிஃப்டுக்கு என்று தனிச் சில்லறை ஒதுக்கினோம்.

4. காபி குடிக்கும் முறை

கவுண்டர் முன்னால் போய் நின்று "உன் கஃபே" என்று சொல்லுங்கள். அவருடைய கஃபேயைக் கேட்கவில்லை. இத்தாலியனில் 'உன்' என்றால் ஒன்று. இரண்டு வேண்டுமென்றால் "தூயே கஃபே". பல கடைகளில், முக்கியமாக நிலையங்களில், முதலில் கல்லாவில் காசு கட்டி ரசீது வாங்கி, அதைக் கவுண்டரில் வைக்க வேண்டும்.

காபியோடு சின்னக் கிளாஸில் தண்ணீர் வரும். அதை முதலில் குடியுங்கள், வாயைத் துப்புரவாக்கத்தான் அது. காபி வெறும் இரண்டு மடக்கு. கோப்பையைக் கொதிநீரில் போட்டு வைத்திருப்பார்கள், ஆகவே விளிம்பு உதட்டைச் சுடும். டபராவில் ஆற்றிக் குடித்துப் பழகிய நாம் இங்கே கொஞ்சம் பொறுக்க வேண்டும். சில இடங்களில் கேட்காமலே சர்க்கரை போட்டுவிடுவார்கள். வேண்டாமென்றால் "சென்சா சூக்கெரோ". பால் காபியான கப்புச்சீனோ காலையில் மட்டும். மாலை கேட்டால் கொடுப்பார்கள், பார்வையில் மட்டும் ஒரு அனுதாபம் தெரியும்.

நின்று குடித்தால் ஒன்றேகாலிலிருந்து ஒன்றரை யூரோ. அதே காபியை உட்கார்ந்து குடித்தால்? இரண்டாம் நாள் கடலோரம் நடந்து களைத்து, வெள்ளை விரிப்புப் போட்ட ஒரு மேசையில் உட்கார்ந்தோம். இரண்டு காபி. பில் 9 யூரோ. நண்பன் என்னைப் பார்த்தான், நான் கடலைப் பார்த்தேன். தப்பு அவர்கள் மேல் இல்லை. விலைப்பட்டியலில் கவுண்டருக்கு ஒன்று, மேசைக்கு ஒன்று என்று இரண்டு விலையும் அச்சிட்டிருந்தது. படிக்காதது நாங்கள்தான். இந்த வழிகாட்டியின் சூத்திரம் பிறந்த இடம் அதுதான்.

5. பீட்சாவும் மற்றவையும்

இங்கே பீட்சா ஆளுக்கொன்று. பகிர்ந்து தின்னும் பண்டம் இல்லை. கடைக்குப் போய் உட்கார்ந்தால் மார்கரீத்தா 5 யூரோவிலிருந்து 8 யூரோ வரை. விறகு அடுப்பில் 60 முதல் 90 விநாடிக்குள் வெந்து வந்துவிடும். ஓரம் உப்பலாக, அங்கங்கே கருகி, நடுவில் ஈரமாக இருக்கும். "வேகவேயில்லையே" என்று முதல் முறை எல்லோருக்கும் தோன்றும். முறுகல் தோசையை மனத்தில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். ஊத்தப்பத்தின் நடுப்பகுதியை நினைத்துக்கொண்டு போங்கள். நேப்பிள்ஸ் பீட்சாக்காரர்களின் கைவேலையை 2017இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தது.

1870இல் தொடங்கிய தா மிக்கேலே, த்ரிபுனாலித் தெருவின் சொர்பில்லோ போன்ற பெயர்பெற்ற கடைகளில் வரிசை நீளும். பகல் 12 மணிக்கு முன்பே போய்விடுங்கள், அல்லது மூன்று மணிக்கு மேல். போனதும் வரிசையில் நின்றால் மட்டும் போதாது, கடைக்காரரிடம் எண்ணோ பெயரோ பதிய வேண்டும். எங்களுக்கு இது தெரியாமல் அரை மணி நேரம் சும்மா நின்றோம். நமக்குப் பின்னால் வந்தவர் எல்லாம் உள்ளே போகிறாரே என்று அப்போதுதான் உறைத்தது. என் கருத்து: பெயர்பெற்ற கடையில் ஒரு தடவை சாப்பிடுங்கள், ஆசை தீரட்டும். அதற்கு மேல் வரிசையில் நிற்காதீர்கள். தெருமுனைக் கடையும் ஏறக்குறைய அதே ருசிதான்.

இன்னும் மலிவு வேண்டுமா? 'பொர்த்தஃபோலியோ' கேளுங்கள். கொஞ்சம் சின்ன பீட்சாவை நான்காக மடித்துக் காகிதத்தில் சுற்றித் தருவார்கள். இரண்டு யூரோ அளவுதான். நின்று, முன்னால் குனிந்து, சட்டையில் தக்காளி சிந்தாமல் தின்ன வேண்டும். எனக்கு வரவில்லை, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போகாதீர்கள்.

சைவர்களுக்கு இங்கே தனியாக ஒரு பத்தி. என் நண்பன் சைவம், ஆகவே நாங்கள் ஐந்து நாளும் இதைத்தான் ஆராய்ச்சி செய்தோம். மரினாரா பீட்சா என்றால் பெயரைக் கேட்டு மீன் என்று பயப்படாதீர்கள். தக்காளி, பூண்டு, ஓரிகானோ, எண்ணெய், அவ்வளவுதான். பாலாடைக்கட்டிகூடக் கிடையாது, விலையும் எல்லாவற்றிலும் குறைவு. 'பெப்பெரோனி' என்று எழுதியிருந்தால் அது இறைச்சி இல்லை, குடைமிளகாய். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. தெருவில் விற்கும் தரல்லி என்ற முறுக்கு மாதிரியான வளையத்தில் மிளகோடு பன்றிக்கொழுப்பு சேர்ப்பது வழக்கம். ஸ்ஃபோலியதெல்லா என்ற அடுக்கடுக்கான இனிப்புப் பலகாரத்தின் மாவிலும் பாரம்பரிய முறையில் அதே கொழுப்புதான். உருளைக்கிழங்கு உருண்டைக்குள் இறைச்சித் துண்டு இருக்கலாம். பொரித்த பீட்சாவுக்குள் பன்றி வறுவல் இருக்கும். பார்மிஜானோ கட்டியில் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் நொதி சேர்க்கிறார்கள். அதுவரை பார்ப்பவர்கள் மரினாராவோடு நின்றுகொள்ளுங்கள். கேட்க வேண்டிய வாக்கியம்: "சென்சா கார்னே, சென்சா பெஷ்ஷே, சென்சா ஸ்த்ருத்தோ". இறைச்சி, மீன், பன்றிக்கொழுப்பு மூன்றும் இல்லாமல்.

உணவகத்தில் உட்கார்ந்தால் 'கொப்பேர்தோ' என்று ஆளுக்கு ஒன்றரை, இரண்டு யூரோ பில்லில் சேர்ந்து வரும். மேசைக்கும் ரொட்டிக்குமான கட்டணம். சண்டை போட வேண்டாம், பட்டியலின் கீழே பொடி எழுத்தில் எழுதியிருப்பார்கள். இது வாங்கிய பிறகு டிப்ஸ் கொடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. குழாய்த் தண்ணீர் குடிக்கலாம், பாட்டிலை நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள்.

நாலாம் நாள் சோறு தேடும். எல்லோருக்கும் தேடும். தாந்தே சதுக்கத்தின் பக்கத்துச் சந்துகளில் இலங்கைக் கடைகள் இருக்கின்றன. நேப்பிள்ஸில் இலங்கையர் ஆயிரக்கணக்கில் வாழ்கிறார்கள், பெரும்பாலோர் சிங்களவர். கறிவேப்பிலையைப் பார்த்ததும் என் நண்பன் காசு கொடுக்காமலே ஒரு கொத்தை மோந்து பார்த்தான். கடைக்கார அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

6. காசில்லாமல் பார்க்கக்கூடியவை

நேப்பிள்ஸ் கிரேக்கர்கள் உண்டாக்கிய ஊர். 'நெயாபோலிஸ்', புது ஊர். அவர்கள் போட்ட தெருக்கோடுகள்மேல்தான் இன்றும் பழைய நகரம் நடக்கிறது. ஸ்பக்கநாப்போலி என்ற ஒரே நேர்த்தெரு நகரை வகிடு எடுத்த மாதிரி பிளந்துகொண்டு போகும். ஜேசு நுவோவோ தேவாலயத்தில் தொடங்குங்கள். வெளிச்சுவர் முழுக்கக் கூம்பு கூம்பாகக் கல். உள்ளே இலவசம். அங்கிருந்து அப்படியே நடந்தால் சான் கிரெகோரியோ அர்மேனோ தெரு, கிறிஸ்துமஸ் குடில் பொம்மை செய்கிறவர்களின் தெரு. நம் கொலு பொம்மைக் கடைகளைப் போலத்தான். மாட்டுத்தொழுவத்தில் குழந்தை இயேசுவுக்கு இரண்டடி தள்ளிக் கால்பந்து வீரர் மரடோனா நிற்பார், அரசியல்வாதிகள் நிற்பார்கள். அப்புறம் துவோமோ, பெரிய தேவாலயம். சான் ஜென்னாரோ புனிதரின் உறைந்த இரத்தம் வருடத்துக்கு மூன்று முறை உருகுகிறதா என்று ஊரே கூடிப் பார்க்கும் இடம்; பெரிய நாள் செப்டம்பர் 19.

தொலேதோ மெட்ரோ நிலையத்துக்கு ஒரு பயணச்சீட்டுச் செலவு செய்யுங்கள். 2012இல் திறந்தது. நகரும் படிக்கட்டில் இறங்க இறங்கச் சுவர் நீலமாகிக்கொண்டே போய்க் கடலுக்கடியில் இருப்பதுபோல ஆகிவிடும்.

மாலையில் மோன்தெசாந்தோ இழுவை ரயிலில் வோமெரோ குன்றின்மேல் ஏறி, சான் மார்தீனோ மடத்தின் முன் உள்ள திடலுக்குப் போங்கள். ஊர், வளைகுடா, வெசூவியஸ் எரிமலை மூன்றும் ஒரே பார்வையில். பக்கத்துக் கோட்டைக்குச் சீட்டு உண்டு, திடலுக்குக் கிடையாது. திரும்பும்போது ரயில் வேண்டாம். பெதமென்தீனா என்ற பழைய படிக்கட்டில் இறங்குங்கள், 414 படி. இறங்கத்தான் சொன்னேன், ஏறச் சொல்லவில்லை.

காப்ரி தீவு? சிக்கனப் பயணத்தில் அதை மறந்துவிடுங்கள். தீவு பார்த்தே ஆக வேண்டுமென்றால் புரோச்சிதா போங்கள், சின்னது, அமைதியானது.

7. காசு கொடுத்துப் பார்க்க வேண்டியவை

ஒரு நாளைக்கு ஒரு கட்டண இடம், அதற்கு மேல் வேண்டாம் என்று வைத்துக்கொண்டோம். பர்சுக்கும் நல்லது, கண்ணுக்கும் நல்லது. மாதத்தின் முதல் ஞாயிறு அன்று அரசு அருங்காட்சியகங்களும், வெசூவியஸ் புதைத்த பழைய ஊரான பொம்பெயும் இலவசம், கூட்டமும் அதற்கேற்ப இருக்கும். மாணவர் அட்டையை நீட்டி ஏமாறாதீர்கள்; 25 வயது வரையிலான 2 யூரோ சலுகை ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கு மட்டும். 18 வயதுக்குக் கீழே யாராயிருந்தாலும் அரசு இடங்களில் இலவசம்.

செவ்வாய்க்கிழமையை முதலில் திட்டமிடுங்கள். தேசியத் தொல்பொருள் அருங்காட்சியகமும், முகத்திரை போர்த்திய கிறிஸ்து சிலை இருக்கும் சன்செவேரோ சிற்றாலயமும் இரண்டுமே செவ்வாயன்று மூடியிருக்கும். நாங்கள் ஒரே செவ்வாயில் இரண்டு கதவின் முன்னாலும் போய் நின்றோம். பொம்பெய் அன்று திறந்திருக்கும், ஆகவே செவ்வாய் பொம்பெய்க்கு. சன்செவேரோவுக்கு இணையத்தில் முன்பதிவு செய்யாமல் போகவே போகாதீர்கள். 1753இல் ஜுசெப்பே சன்மார்தீனோ செதுக்கிய அந்தச் சலவைக்கல் சிலையில், இறந்தவர் முகத்தின்மேல் கிடக்கும் மெல்லிய துணியும் கல்தான். படம் எடுக்க அனுமதி இல்லை. எனவே எல்லோரும் உண்மையிலேயே பார்க்கிறார்கள்.

தொல்பொருள் அருங்காட்சியகத்தில் பாதி நாள் ஆகும். பொம்பெயில் கிடைத்த ஓவியங்களும் பாத்திரங்களும் நல்லவை எல்லாம் இங்கேதான் இருக்கின்றன. முடிந்தால் பொம்பெய்க்கு முன் இதைப் பாருங்கள். அங்கே வெறும் சுவராகத் தெரியப்போகும் வீடுகளுக்கு இங்கேயே பொருள் கிடைத்துவிடும்.

'இரகசிய அறை' என்று ஒன்று உண்டு. பொம்பெய்க்காரர்களின் காமக் கலைப்பொருட்களை நூறாண்டுக்கு மேல் பூட்டி வைத்திருந்த அறை. நண்பன் கூச்சத்தோடு வேகமாக நடந்தான். நான் தேடிப் போனது ஒரு சின்ன தந்தச் சிலையை. ஒரு சாண் சொச்சம் உயரம், தலை நிறைய அணிகலன், இடுப்பில் மேகலை, இரு பக்கமும் தோழிகள். பொம்பெய் லட்சுமி என்று அழைக்கிறார்கள். லட்சுமி இல்லை, யட்சி என்பவர்களும் உண்டு. இந்தியாவில் செதுக்கியது. 1938இல் பொம்பெயின் ஒரு வீட்டில் கிடைத்தது. கி.பி. 79இல் எரிமலை ஊரைப் புதைப்பதற்கு முன்பே அது அங்கே வந்து சேர்ந்துவிட்டது.

அந்தக் காலத்தில் ரோமாபுரிக்கு நம் பக்கத்திலிருந்து மிளகும் துணியும் முத்தும் போயின, பொன் காசுகள் வந்தன. யவனர் கப்பல்கள் பொன் கொண்டுவந்து மிளகு கொண்டுபோனதைச் சங்கப் பாடலே சொல்கிறது. இந்தியா ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் நாணயத்தை உறிஞ்சிக்கொள்கிறது என்று ரோமில் ஒருவர் புலம்பி எழுதினார்: மூத்த பிளினி. அவர் இந்த வளைகுடாவின் மிசேனும் துறையில் கடற்படைத் தளபதி. எரிமலை வெடித்தபோது ஆட்களைக் காப்பாற்றக் கப்பலோடு போய், எதிர்க்கரையிலேயே இறந்தார். கீழ்த்திசைச் சரக்குகள் வந்து இறங்கிய புத்தேயோலி, இன்றைய பொத்சுவோலி, இரண்டாம் எண் மெட்ரோவின் கடைசி நிலையம். அங்கே ரோமானியச் சந்தையின் இடிபாடு தெருவிலிருந்தே தெரிகிறது. தூண்களில் கடல் சிப்பிகள் குடைந்த ஓட்டைகள். தரையே இறங்கிக் கடலுக்குள் போய் மறுபடி மேலே வந்ததற்கு அடையாளம். பயணச்சீட்டுக் காசு மட்டும்தான் செலவு.

8. பொம்பெய் நாள்

சீட்டை இணையத்தில் முன்பே எடுங்கள். ஒரு நாளைக்கு 20,000 பேருக்குத்தான் அனுமதி, சீட்டில் உங்கள் பெயர் இருக்கும், கடவுச்சீட்டைக் காட்ட வேண்டும். இருபது யூரோவை ஒட்டி ஆகும், நுழைவுச் சீட்டுகளில் பெரிய செலவு இதுதான்.

போவது சிர்கும்வெசுவியானா ரயிலில், சொர்ரெந்தோ போகும் வண்டி. கட்டணம் சில யூரோதான், நேரம் ஏறக்குறைய 40 நிமிடம். எல்லோரும் கரிபால்டியில் ஏறி முட்டி மோதுவார்கள். நீங்கள் பத்து நிமிடம் நடந்து போர்த்தா நோலானா நிலையத்துக்குப் போங்கள். வண்டி அங்கிருந்துதான் புறப்படுகிறது, உட்கார இடம் கிடைக்கும். இந்த ஊரில் உட்காரக் காசு கேட்காத ஒரே இடம். இறங்க வேண்டியது 'பொம்பெய் ஸ்காவி – வில்லா தெய் மிஸ்தேரி'. வெறும் பொம்பெய் என்ற பெயரில் வேறு நிலையங்களும் உண்டு, ஏமாறாதீர்கள்.

நிழல் கிடையாது. தொப்பி, தண்ணீர்ப் பாட்டில், கட்டுச்சோறு மாதிரி ஏதாவது, தேய்ந்த அடிப்பாகம் இல்லாத செருப்போ ஷூவோ வேண்டும். கல் தரை வழுக்கும். உள்ளே குடிநீர்க் குழாய்கள் இருக்கின்றன. குழுக்கள் எல்லாம் காலையில் பொது மன்றத்தில் குவிவார்கள், ஆகவே நீங்கள் நேரே மறுகோடிக்கு, அரங்கத்துப் பக்கம் நடந்துவிடுங்கள். அங்கே 'தப்பியோடியவர் தோட்டம்' இருக்கிறது. 13 பேர், குழந்தைகள் உட்பட, விழுந்த நிலையிலேயே. சாம்பலுக்குள் உடல் மட்கி ஏற்பட்ட வெற்றிடத்தில் சாந்து ஊற்றி உருவம் எடுக்கும் முறையை 1863இல் ஜுசெப்பே ஃபியொரெல்லி கொண்டுவந்தார். அங்கே நாங்கள் அதிகம் பேசவில்லை.

தெருவைப் பாருங்கள். வண்டிச் சக்கரம் தேய்த்த தடம் கல்லில் பள்ளமாக இருக்கும். நடுவே பெரிய கற்கள், கழிவுநீர் ஓடும் தெருவைக் கால் நனையாமல் கடக்க. தெருவோரம் பளிங்குத் துண்டு பதித்த மேடைகள் இருக்கும், அவற்றில் வட்ட வட்ட ஓட்டைகள், உள்ளே பானை. அவை அந்தக் காலத்து உணவுக்கடைகள். வழிப்போக்கர்கள் தெருவிலேயே நின்று வாங்கித் தின்றிருக்கிறார்கள். நண்பன் அந்த மேடைமேல் கையை ஊன்றப் போனான், காவலர் விசில் ஊதினார். எதையும் தொடாதீர்கள்.

நான்கைந்து மணி நேரம் ஒதுக்குங்கள். அதே நாளில் எரிமலை உச்சிக்கும் போவது சிலரால் முடியும், எங்கள் முட்டியால் முடியவில்லை. பொம்பெயின் பரப்பு மலைப்பாக இருந்தால் அதே ரயிலில் எர்கொலானோவில் இறங்கிவிடலாம். அதே எரிமலை புதைத்த சின்ன ஊர், கருகிய மரக் கதவும் உத்திரமும்கூட மிஞ்சியிருக்கின்றன, கூட்டம் குறைவு. இரண்டில் ஒன்றுதான் என்றால், வயதானவர்களோடு போகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

9. பயப்பட வேண்டுமா?

எல்லோரும் கேட்பது இது. கைப்பை விஷயத்தில் பயப்படுங்கள், மற்றதில் வேண்டாம். நெரிசலான ரயிலில் முதுகுப்பையை முன்பக்கம் மாட்டுங்கள். தெருவில் நடக்கும்போது கைப்பேசியைச் சாலைப் பக்கக் கையில் பிடிக்காதீர்கள், ஸ்கூட்டரில் வந்து பிடுங்குவார்கள். இருவரும் வேறு வேறு வங்கி அட்டை வைத்திருங்கள், ஒரே பையில் வைக்காதீர்கள். சாலை கடப்பது நமக்குப் பழக்கமானதுதான்: ஓட்டுநரின் கண்ணைப் பார்த்துச் சீராக நடந்தால் வண்டி நிற்கும், தயங்கினால் நிற்காது.

குவார்த்தியேரி ஸ்பஞோலி என்ற பகுதியின் சந்துகளில் நுழைய வேண்டாம் என்று நிறையப் பேர் பயமுறுத்துவார்கள். பகலில் தாராளமாகப் போங்கள். தெருவையொட்டிய ஓரறை வீடுகள், மேல்மாடியிலிருந்து கயிற்றில் இறங்கும் கூடை, அதில் ஏறும் காய்கறி. 1990இல் வரைந்த மரடோனாவின் பெரிய சுவரோவியமும் அங்கேதான். வாசலில் உட்கார்ந்திருக்கும் பாட்டிகளைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள், அது அவர்கள் வீட்டுக் கூடம்.

10. கிளம்பும் நாள்

அலிபஸ் போக்குவரத்தில் மாட்டிக்கொள்ளும், ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். சீக்கிரம் அறையைக் காலி செய்ய வேண்டியிருந்தால் சென்ட்ராலேயில் பெட்டி வைக்கும் இடம் உண்டு.

வாங்கிப் போக உலர்ந்த பாஸ்தா நல்லது, மலிவு, உடையாது. எருமைப்பால் மொத்சரெல்லா வாங்காதீர்கள், பெட்டியைச் சரக்காகப் போடாதவர்கள் வாங்கவே கூடாது. அது உப்புநீரில் மிதந்துகொண்டு வரும். பாதுகாப்புச் சோதனையில் அந்த நீரும் திரவக் கணக்கில் சேரும். நண்பன் ஜெர்மனியில் அறைத்தோழர்களுக்காக அரைக் கிலோ வாங்கியிருந்தான், ஜிப் பையில் மிஞ்சியிருந்த காசில். அதிகாரி பையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். நீரை மட்டும் கொட்டிவிட்டுக் கட்டியைக் கொண்டுபோகலாமா என்று கேட்டோம். அதற்கும் தலையாட்டல்தான். வரிசையிலிருந்து விலகிக் குப்பைத்தொட்டி பக்கம் போய், ரொட்டியும் உப்பும் இல்லாமல், முழங்கை வரை பால் ஒழுக, நின்றுகொண்டே இரண்டு பேரும் அரைக் கிலோவையும் தின்று முடித்தோம்.